இஸ்தான்புல்லின் எழுத்தணி மதரஸாவும் அதன் கலைஞர்களும்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று திரும்புகிறவர்கள் மதீனாவிலிருந்து கொண்டு வரும் குர்ஆன் பிரதி இன்று பெரும்பாலான நம் வீடுகளில் இருக்கிறது. 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு முடியும். அதைத் தன் கையால் எழுதியவர் உஸ்மான் தாஹா. சிரியாவின் அலெப்போ பகுதியில் 1934-இல் ஓர் இமாமின் மகனாகப் பிறந்தவர். 1988 முதல் மதீனாவின் மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகத்தில் எழுதி வந்தவர். அவருக்கு எழுத்தணிக் கலையில் இஜாஸா வழங்கியவர் இஸ்தான்புல் நகரில் வாழ்ந்த ஹாமித் அல்ஆமிதி, ஆண்டு 1973.

துருக்கியில் அரபு எழுத்து சட்டப்படி கைவிடப்பட்டு அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைப் பலகையிலும் பத்திரிகையிலும் பள்ளிக்கூடத்திலும் அரபு எழுத்து இல்லாத ஒரு நாட்டுக்கு, அரபு மொழி பேசும் நாட்டிலிருந்து ஒருவர் அரபு எழுத்தில் இஜாஸா வாங்கப் போகிறார் என்றால், அங்கே யாரோ அதைக் காத்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த மனிதர்களையும், அவர்களில் பலரை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்த மத்ரசத்துல் கத்தாத்தீன் என்ற பயிற்சிக்கூடத்தையும் பற்றியதே இக்கட்டுரை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கத்து என்றால் எழுத்து, கோடு. கத்தாத் என்பவர் எழுத்தணிக் கலைஞர். ஹத்தாத் என்றால் கொல்லர். அரபியில் எழுத்தும் உச்சரிப்பும் வேறு வேறு. தமிழில் அலட்சியமாக எழுதினால் எழுத்தணி மதரஸா கொல்லர் மதரஸாவாகிவிடும்.

ஒரு மக்தப் கட்டடத்தில்

உஸ்மானியப் பேரரசின் கடைசி ஆண்டுகள் அவை. அச்சு இயந்திரம் பரவிவிட்டது. நூல்களை நகலெடுத்துப் பிழைத்தவர்களுக்கு வேலை குறைந்தது. பொன்னணி செய்பவர்களும் கைத்தாள் பதப்படுத்துபவர்களும் தோல் அட்டை கட்டுபவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். பள்ளிவாசல்களிலும் மக்பராக்களிலும் இருந்த பழைய கம்பளங்களும் குர்ஆன் பிரதிகளும் திருடப்பட்டு ஐரோப்பிய வியாபாரிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. வக்ஃபு அமைச்சகம் 1914-இல் இரண்டு காரியங்கள் செய்தது. சுலைமானிய்யா பள்ளிவாசல் வளாகத்திலிருந்த பழைய அன்னசாலையில் இஸ்லாமிய வக்ஃபுப் பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அதே ஆண்டில் ஜாலோலு பகுதியில், அரசின் தலைமைச் செயலகமான பாபுல் ஆலிக்கு எதிரே, யூசுஃப் ஆகா என்பவர் பெயரிலிருந்த பழைய மக்தப் கட்டடத்தில் எழுத்தணி மதரஸாவைத் தொடங்கியது. பொருளைக் காக்க ஓர் இடம், அதைச் செய்யத் தெரிந்த கையைக் காக்க இன்னோர் இடம். ஷைகுல் இஸ்லாம் முஸ்தஃபா கைரி எஃபெந்தியின் ஆதரவில் இது நடந்தது. ஆரிஃப் ஹிக்மத் பே அதன் தலைவராக இருந்தார்.

இது வெறும் கையெழுத்துப் பள்ளி அல்ல. குர்ஆன் பிரதி ஒன்று உருவாக எத்தனை தொழில் வேண்டுமோ அத்தனையும் அங்கே பாடமாக இருந்தன. ஸுலுஸ், நஸ்கு, தஅலீக், தீவானி, ருக்ஆ ஆகிய எழுத்து வகைகள் ஒரு பக்கம். தஸ்ஹீப் எனும் பொன்னணி வேலை, தோல் பைண்டிங், தாளுக்கு மெருகூட்டும் ஆஹார் வேலை, தண்ணீரில் வண்ணத்தை மிதக்கவிட்டுத் தாளில் எடுக்கும் எப்ரு ஆகியவை இன்னொரு பக்கம். நம் ஊர்ப் பழைய கணக்குப் புத்தகங்களின் அட்டையில் அலை அலையாக வண்ணம் ஓடும் தாளைப் பார்த்திருப்பீர்கள். பைண்டர்கள் மார்பிள் பேப்பர் என்பார்கள். எப்ரு அந்த வகையின் மூத்த உறவு.

பாடம் நடந்த விதம்

முறை பழையது. எழுத்தணி உலகில் இதற்கு மஷ்கு என்று பெயர். ஆசிரியர் ஒரு வரி எழுதித் தருவார். மாணவர் வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். ஆசிரியர் அதன் கீழே சிவப்பு மையில் திருத்துவார். சரியாக வரும்வரை அடுத்த வரி கிடையாது. முதல் பாடமே ஒரு துஆ. நம் மக்தப்களில் பிள்ளைகள் பாடம் தொடங்கும்போது ஓதுகிறார்களே, ரப்பி யஸ்ஸிர் என்று தொடங்குவது, அதுதான். மாதக் கணக்கில் அந்த ஒரே வரியில் நின்றவர்கள் உண்டு. இலகுவாக்கித் தா என்று கேட்கும் துஆவே அத்தனை கடினமாக அமைந்திருப்பதைப் பற்றி மாணவர்களுக்குள் வேடிக்கைப் பேச்சும் உண்டு.

அதன் பிறகு தனி எழுத்துகள், பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து எழுதுவது, பிறகு முழு வாசகங்கள். எழுத்தின் அளவு புள்ளியால் கணக்கிடப்படும். கலமின் முனையை வைத்து எடுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, நூனின் வயிறு இத்தனை புள்ளி என்று கணக்கு. கலம் என்பது நாணல். அதைச் சாய்வாக வெட்டுவதே ஒரு பாடம். மை, எண்ணெய் விளக்கின் புகைக்கரியைப் பிசின் நீரில் நெடுநேரம் அரைத்துச் செய்வது. தாளின் மேல் முட்டையின் வெண்கருவும் படிகாரமும் கலந்து பூசி, காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, மாதக் கணக்கில் கிடப்பில் போட வேண்டும். அப்படிப் பதப்படுத்திய தாளில் மை உள்ளே ஊறாது. தவறினால் நனைத்துத் துடைத்துவிடலாம். குர்ஆன் எழுதுகிறவருக்குத் திருத்தும் வசதி எத்தனை அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கலமைச் சீவும்போது விழும் நாணல் துகள்களை எறியாமல் சேர்த்துவைத்து, தாம் இறந்த பின் தம்மைக் குளிப்பாட்டும் தண்ணீரை அதைக் கொண்டு காய்ச்ச வேண்டும் என்று வஸிய்யத் செய்த கத்தாத்கள் உண்டு என்று அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஆலிம்கள் இந்த முறையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஹதீஸ் கலையில் ஸனது எப்படியோ அப்படியே இங்கும் ஒரு தொடர். எழுத்தணியாளர்கள் தங்கள் ஸில்ஸிலாவை அலி (ரலி) அவர்கள் வரை கொண்டு செல்வார்கள். படிப்பு முடிந்தவர் ஒரு பலகை எழுதிக் கொடுப்பார். அதன் கீழே ஆசிரியர் தன் கையால் அனுமதி எழுதுவார். அதற்குப் பிறகுதான் மாணவர் தன் எழுத்தின் அடியில் 'கதபஹு', அதாவது இதை எழுதியவர் இன்னார், என்று பெயர் இடலாம். இஜாஸா பெறாதவர் பெயர் இடுவது அவமரியாதை. திறமை இருக்கிறது என்பது மட்டும் போதாது. யாரிடமிருந்து பெற்றாய் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இஜாஸாவுக்காகப் பலரும் எழுதுவது ஹில்யா ஷரீஃப். நபி (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் குணத்தையும் அலி (ரலி) அவர்கள் வருணித்ததாகத் திர்மிதியின் ஷமாயிலில் வரும் அறிவிப்பை, நடுவில் வட்டமும் சுற்றிலும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களுமாக எழுதும் அமைப்பு அது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாஃபிழ் உஸ்மான் என்ற பெரும் கலைஞர் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். உருவம் வரைவதை மார்க்கம் தடுத்த இடத்தில் முஸ்லிம் கலைஞன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வருணனையை எழுத்தாக்கி, அந்த எழுத்தையே பார்க்கத் தகுந்ததாக்கி, வீட்டுச் சுவரில் மாட்டினான். 'இஸ்லாம் கலைக்கு எதிரானது' என்று சொல்பவர்களுக்கும், கலை என்றாலே ஹராம் என்று பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்குகிறவர்களுக்கும் ஹில்யாவைக் காட்டலாம்.

ஆசிரியர்கள்

மதரஸாவில் ஸுலுஸும் நஸ்கும் கற்பித்த ஹாஜி அஹ்மத் காமில் எஃபெந்தி (1861-1941) அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1915-இல் அவருக்கு ரயீஸுல் கத்தாத்தீன், எழுத்தணியாளர்களின் தலைவர், என்ற பட்டம் அளிக்கப்பட்டது. அந்தப் பட்டம் பெற்ற கடைசி மனிதர் அவர்தாம். முதுமையில் எகிப்து இளவரசர் முஹம்மது அலியின் அழைப்பில் கெய்ரோ சென்று அவருடைய மன்யல் அரண்மனைக்கு எழுதிக் கொடுத்தார். சொந்த நாட்டில் எழுத இடமில்லாத கை, வேறு நாட்டின் சுவரில் எழுதியது.

இஸ்மாயில் ஹக்கி (1873-1946) சுல்தானின் முத்திரையான துக்ராவை வரையும் உத்தியோகத்தில் இருந்தவர். தந்தை வழியில் எழுத்தணிக் குடும்பம். ஆனால் நுண்கலைப் பள்ளியில் ஓவியமும் முறையாகப் படித்தவர். பள்ளிவாசல் சுவர்களுக்கான பெரிய எழுத்தும் துக்ராவும் அவர் பாடம். 1934-இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று துருக்கியில் சட்டம் வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் அல்துன்பெஸெர். பொன்னால் அலங்கரிப்பவர் என்று பொருள். தஅலீக் எழுத்துக்கு ஹுலூஸி எஃபெந்தி இருந்தார். தோல் பைண்டிங்குக்கு பஹாவுத்தீன் எஃபெந்தி.

இவர்கள் எல்லோரிலும் நான் நின்று பார்க்க விரும்புவது நஜ்முத்தீன் ஒக்யாயை (1883-1976). இவர் ஓர் இமாம். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உஸ்குதார் என்ற இடத்தில் யெனி வாலிதே பள்ளிவாசலில் சுமார் 40 ஆண்டுகள் இமாமாகவும் கதீபாகவும் இருந்தார். தஅலீக் எழுத்தை சாமி எஃபெந்தியிடமும், ஸுலுஸ்-நஸ்கை ஃபிலிபேலி ஆரிஃப் எஃபெந்தியிடமும் கற்று இஜாஸா பெற்றார். எப்ருவை உஸ்குதாரிலிருந்த உஸ்பெக்குகளின் தக்கியாவில் ஷைகு இப்ராஹீம் அத்ஹமிடம் கற்றார். மை காய்ச்சுவார், தாள் பதப்படுத்துவார், பைண்டிங் செய்வார். அம்பு எய்வதில் தேர்ந்தவர். தோட்டத்தில் நானூறு வகை ரோஜா வளர்த்தார். ஊரார் அவரை ஹஸார்ஃபன் என்றார்கள். ஆயிரம் கலை அறிந்தவர்.

மதரஸாவில் அவர் 1916 முதல் எப்ருவும் ஆஹாரும் கற்பித்தார். எப்ருவின் நுட்பம் இது: கித்ரா எனும் செடிப் பிசினால் கெட்டியாக்கிய நீரில், மாட்டின் பித்தநீர் சில துளி சேர்த்த வண்ணத்தைத் தெளிப்பார்கள். பித்தநீர் சேர்ந்ததால் வண்ணம் மூழ்காமலும் ஒன்றோடொன்று கலக்காமலும் நீர்மேல் விரியும். தூரிகை ரோஜாக் கம்பில் குதிரை முடி கட்டியது. மேலே தாளை விரித்து எடுத்தால் வண்ணம் தாளில் ஒட்டிவிடும். ஒருமுறை எடுத்தது மறுமுறை வராது. ஒக்யாய் அந்த வண்ணத் துளிகளை ஊசியால் இழுத்து துலிப், கார்னேஷன் போன்ற அடையாளம் தெரியும் மலர்களாக்கினார். மலர் எப்ரு இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. அவருக்கு முன்பே இக்கலையில் பெயர் பொறித்த இன்னொருவரும் மிம்பர் ஏறியவர்தாம்: அயாசோஃபியாவின் கதீப் முஹம்மது எஃபெந்தி. வட்டத்துக்குள் வட்டமாக வண்ணம் இட்டு இழுக்கும் 'கதீப் எப்ரு' அவருடையது. 1773-இல் வீடு தீப்பிடித்தபோது தன் தாள்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார்.

இமாமத்தும் கலையும் ஒரே மனிதரிடம் சேர்வது அங்கே வியப்பாகப் பார்க்கப்படவில்லை. நம்மூரில் இமாம் ஒருவர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தால் நிர்வாகக் கமிட்டி என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மாணவர்கள், பிறகு 1928

பத்தே ஆண்டுகள்தாம் அந்த மதரஸா அதே பெயரில் இயங்கியது. அந்தப் பத்து ஆண்டுகளில் முதல் உலகப் போர், இஸ்தான்புல்லை நேச நாட்டுப் படைகள் பிடித்திருந்த காலம், பேரரசின் முடிவு எல்லாம் அடங்கும். ஆனாலும் மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஹலீம் (1898-1964) வேகத்துக்குப் பெயர் பெற்றவர். எந்த எழுத்து வகையையும் தயங்காமல் எழுதுவார். மாஜித் அய்ரால் (1891-1961) இன்னொருவர். சுஹைல் உன்வர் (1898-1986) ஒரு மருத்துவர். மருத்துவம் படித்தபடியே இங்கு வந்து பொன்னணியும் எப்ருவும் கற்றார். பின்னாளில் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாற்றுத் துறையை நிறுவிய பேராசிரியர் அவர்தாம். பழைய மினியேச்சர் ஓவியங்களையும் அலங்காரங்களையும் பார்த்து வரைந்து அவர் நிரப்பிய குறிப்பேடுகள் இன்று சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளன.

1924 மார்ச்சில் எல்லா மதரஸாக்களையும் மூடி, கல்வியை ஒரே அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் வந்தது. பெயரில் மதரஸா என்றிருந்ததால் இதுவும் மூடப்பட்டது. 'கத்தாத் பள்ளிக்கூடம்' என்று பெயர் மாற்றி மீண்டும் திறந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1928 நவம்பர் 1-இல் எழுத்துச் சட்டம் வந்தது. 1929 பிறந்ததும் பொதுவாழ்வில் அரபு எழுத்துக்கு இடமில்லை.

ஒரு மொழியின் எழுத்து மாறும்போது அறிஞர்களுக்கு ஏற்படும் இழப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதிப் பிழைத்தவனின் அடுப்பு என்ன ஆனது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அழைப்பிதழ், பெயர்ப் பலகை, முத்திரை, பத்திரிகைத் தலைப்பு, பட்டயம், கல்லறைக் கல் என எழுத்தணியாளனுக்கு வருமானம் தந்த அனைத்தும் சில மாதங்களில் லத்தீன் எழுத்துக்குப் போயின. தமிழ்நாட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபோது சுவர் எழுதும் ஆர்ட்டிஸ்டுகளுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதை ஓரளவு புரிந்துகொள்ளலாம். அங்கே நேர்ந்தது அதைவிடக் கடுமை. இங்கே கருவிதான் மாறியது, அங்கே எழுத்தே மாறியது.

ஹலீம் திராட்சைத் தோட்டம் வைத்துப் பயிர் செய்யப் போனார். ஆனால் 1934 சட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயரைப் பாருங்கள்: ஒஸ்யாஸிஜி. அசல் எழுத்தாளன், உண்மையாகவே எழுதுகிறவன் என்ற பொருள் வரும். எழுத வழியில்லாதவர் தனக்கு இட்டுக்கொண்ட பெயர்! ஹாமித் (1891-1982) இந்த மதரஸாவில் படித்தவர் அல்லர். தியார்பக்கிர் ஊரிலிருந்து இளமையில் இஸ்தான்புல் வந்து அதன் ஆசிரியர் தலைமுறையோடு பழகி வளர்ந்தவர். ஊரின் பழைய பெயர் ஆமித் என்பதால் ஆமிதி. அவர் ஜாலோலுவில் ஒரு சிறு பட்டறை வைத்து லேபிள், விசிட்டிங் கார்டு அச்சிட்டுப் பிழைத்தார். அரபு எழுத்தை யாராவது கேட்டால் அதையும் எழுதிக் கொடுத்தார்.

பள்ளி 1929-இல் மீண்டும் திறந்தது. இம்முறை பெயர் 'கீழைத்தேய அலங்காரக் கலைகள் பள்ளி'. பெயரில் மதரஸாவும் இல்லை, எழுத்தும் இல்லை. தஸ்ஹீப், பைண்டிங், எப்ரு, மினியேச்சர் ஆகியவை அலங்காரம் என்ற கணக்கில் அனுமதிக்கப்பட்டன. பழைய ஆசிரியர்களே புதிய பெயரின் கீழ் உட்கார்ந்தார்கள். 1936-இல் இது நுண்கலை அகாடமியோடு இணைக்கப்பட்டது. அகாடமி இன்று மிமார் சினான் பல்கலைக்கழகம். காமில் எஃபெந்தி தாம் இறக்கும்வரை அங்கே கற்பித்தார். ஒக்யாய் 1948 வரை இருந்தார். ஹலீமும் பின்னர் தோட்டத்திலிருந்து திரும்பி அங்கே ஆசிரியரானார்.

இதைப் பணிந்துபோனதாகச் சிலர் விமர்சிக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கதவில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை விட, உள்ளே யார் உட்கார்ந்து யாருக்குக் கற்பிக்கிறார் என்பதை அவர்கள் பார்த்தார்கள். அகாடமியில்தான் பெண்களும் இக்கலைக்குள் பெரிய அளவில் வந்தார்கள். ரிக்கத் குந்த் (1903-1986) 1936-இல் அங்கே மாணவியாகச் சேர்ந்து, பொன்னணிக் கலையின் பெரிய ஆசிரியராகவே ஆனார். இன்று துருக்கியில் தஸ்ஹீப் செய்யும் பெண்கள் பலரின் ஆசிரியத் தொடர் அவர் வழியாகச் செல்கிறது.

அந்தக் காலத்தின் மனநிலைக்கு அயாசோஃபியாவின் வட்டப் பலகைகள் ஒரு சாட்சி. அல்லாஹ், முஹம்மது, நான்கு கலீஃபாக்கள், ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகிய பெயர்களை காழி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி 19-ஆம் நூற்றாண்டில் எட்டுப் பலகைகளில் எழுதினார். ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் விட்டம். அயாசோஃபியா அருங்காட்சியகமாக்கப்பட்டபோது அவற்றைக் கீழே இறக்கினார்கள். எந்த வாசல் வழியாகவும் வெளியே கொண்டுபோக முடியவில்லை. உள்ளேயே சாய்த்து வைத்தார்கள். 1949-இல் மறுபடி மேலே ஏற்றினார்கள்.

துருக்கிக்கு வெளியே

எழுத்துக்கு இடமிருந்த நாடுகளுக்குச் சிலர் போனார்கள். ஷைகு அப்துல் அஸீஸ் ரிஃபாயி (1871-1934) எழுத்து மாற்றத்துக்கு முன்பே, 1922-இல், எகிப்து மன்னர் ஃபுஆத் அழைப்பில் கெய்ரோ சென்று அவருக்காகக் குர்ஆன் பிரதி ஒன்றை எழுதிப் பொன்னணி செய்தார். சுமார் 11 ஆண்டுகள் தங்கி, அங்கே உருவான எழுத்தணிப் பள்ளியில் கற்பித்தார். அந்தப் பள்ளியில் எகிப்தியரான சய்யித் இப்ராஹீம் போன்றவர்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள். பாக்தாதின் ஹாஷிம் முஹம்மது 1944-இல் அங்கே தேர்ச்சி பெற்றார். பின்பு இஸ்தான்புல்லில் ஹாமிதிடமும் இஜாஸா பெற்றார்.

மாஜித் அய்ரால் 1955-இல் பாக்தாத் நுண்கலை நிறுவனத்துக்கு ஆசிரியராக அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் அங்கே எழுத்தணிப் பிரிவை ஏற்றவர் ஹாஷிம்தான். ஹாஷிம் 1961-இல் வெளியிட்ட எழுத்தணிப் பாடநூல் இன்றும் அரபு நாடுகளில் மாணவர்கள் கையில் இருக்கிறது. எழுத்தணி பிறந்து வளர்ந்த ஊர்களில் பாக்தாத் முதன்மையானது. இப்னுல் பவ்வாபும் யாகூத் அல்முஸ்தஅஸிமியும் எழுதிய ஊர். அந்த ஊருக்கு அந்தக் கலை இஸ்தான்புல் வழியாகத் திரும்பி வந்தது.

ஊரிலேயே இருந்துவிட்ட ஹாமித், பட்டறையின் நெருக்கடியிலும் கேட்டு வந்தவர்களுக்குக் கற்பித்தார். இஸ்தான்புல் ஷிஷ்லி பள்ளிவாசலில் அவர் எழுத்தைப் பார்க்கலாம். 1982-இல் இறந்து, தாம் விரும்பியபடியே, துருக்கிய எழுத்தணியின் தந்தை எனப்படும் ஷைகு ஹம்துல்லாவின் அருகே கராஜா அஹ்மத் மையவாடியில் அடங்கினார்.

அவருடைய மாணவர்களில் ஹஸன் செலெபி 1937-இல் எர்ஸுரும் பகுதியில் பிறந்தவர். முஅத்தினாகவும் இமாமாகவும் உஸ்குதாரில் வேலை பார்த்தவர். 1964-இல் முதலில் ஹலீமிடம் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் ஹலீம் இறந்துவிட்டார். பிறகு ஹாமிதிடம் ஆண்டுக்கணக்கில் படித்து 1975-இல் இஜாஸா பெற்றார். மதீனாவின் குபா பள்ளிவாசலில் அவர் எழுத்து இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பிறந்து இஸ்லாத்தை ஏற்ற முஹம்மது ஸகரிய்யா 1988-இல் அவரிடம் இஜாஸா பெற்றார். அமெரிக்க அஞ்சல் துறை 2001-இல் வெளியிட்ட பெருநாள் தபால்தலையின் 'ஈத் முபாரக்' ஸகரிய்யாவின் கை. சவூதி பாலையில் நில அளவை நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தபோது அரபு எழுத்தில் மனம் பறிகொடுத்த ஜப்பானியர் ஃபுஆத் கோயிச்சி ஹோண்டாவும் 2000-இல் செலெபியிடம்தான் இஜாஸா பெற்றார்.

எப்ருவின் தொடர் ஒக்யாயின் உறவினர் முஸ்தஃபா துஸ்குன்மன் (1920-1990) வழியாக வந்தது. அவர் உஸ்குதாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். கடை வருமானத்தில் குடும்பம், மீதி நேரத்தில் எப்ரு. பாடத்துக்கென்று கட்டணம் வாங்குவது இந்த உலகில் பழைய மரபல்ல. ஒக்யாயின் இன்னொரு மாணவர் உகுர் தெர்மான் படிப்பால் மருந்தாளுநர்; 1960-இல் தஅலீக் இஜாஸா பெற்று, எழுத்தணி வரலாற்றை எழுதுவதில் முதன்மையானவர் ஆனார். மேலே சொன்ன ஆசிரியர்கள் பலரைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதற்கு அவர் எழுத்தும் பெரிய காரணம்.

யுனெஸ்கோ 2014-இல் எப்ருவையும் 2021-இல் துருக்கிய எழுத்தணியையும் மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2021-இலேயே அரபு நாடுகள் கூட்டாக முன்வைத்த அரபு எழுத்தணியும் சேர்ந்தது.

கற்க விரும்புகிறவர்களுக்கு

நம் மதரஸாக்களில் ஏழு ஆண்டு அரபு படித்து வெளியேறும் ஆலிமுக்கு நஹ்வும் ஸர்ஃபும் தெரிகிறது. ஒரு வாவை அதன் அளவில் எழுதத் தெரிவதில்லை. நானும் அந்த வழியில் வந்தவன்தான். புதிதாகக் கட்டும் பள்ளிவாசல்களில் மிஹ்ராபுக்கு மேல் ஆயத்தை கம்ப்யூட்டரில் தட்டி, எழுத்து இணையாமல் துண்டு துண்டாக நிற்பதைக் கவனிக்காமல் பளிங்கில் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். இலட்சக் கணக்கில் பளிங்குக்குச் செலவழித்த ஜமாஅத் அந்த ஒரு வரிக்கு ஒரு கத்தாத்தைத் தேடியிருக்கலாம். பள்ளிவாசல் சுவரில் ஆயத் எழுதுவதையே விரும்பாத ஃபிக்ஹ் அறிஞர்களும் இருக்கிறார்கள். தொழுபவரின் கவனம் சிதறும், எழுத்துக்குரிய கண்ணியம் குறையும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்வதை ஏற்று எழுதாமலே விடலாம். எழுதுவதென்றால் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு வரைவதில் கை ஓடுகிறது என்று தெரிந்தால் முதலில் வாங்க வேண்டியவை அதிகமில்லை: சாய்முனை நாணல் கலம் அல்லது சாய்முனை எழுத்தணிப் பேனா, வழவழப்பான தாள், கறுப்பு மை. ருக்ஆவில் தொடங்குகிறவர்கள் உண்டு. ஸுலுஸில்தான் தொடங்க வேண்டும் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒரே ஆசிரியரிடம் நிற்க வேண்டும். வீடியோ பார்த்து எழுதலாம். ஆனால் சிவப்பு மையில் திருத்த ஒரு கை தேவை. இன்று எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக் கற்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஸகரிய்யாவும் தன் பாடங்களில் பலவற்றை அமெரிக்காவிலிருந்து தபாலில் அனுப்பித் திருத்தி வாங்கியவர்தாம்.

வருமானம் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு: இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் மேலே சொன்னவர்களிலேயே குறைவு. இமாம், மருத்துவர், மருந்துக் கடைக்காரர், அச்சகக்காரர் என்று ஒரு தொழில் கையில் இருந்தது. இன்று எழுத்துரு வடிவமைப்பு, நூல் வடிவமைப்பு, கட்டட உள் அலங்காரம் ஆகிய துறைகளில் எழுத்தணி தெரிந்தவருக்குத் தனி மதிப்பு இருக்கிறது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் இஸ்தான்புல் கலை ஆய்வு மையமான இர்ஸிகா 1986 முதல் உலக அளவில் எழுத்தணிப் போட்டி நடத்தி வருகிறது. பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். எந்த நாட்டவரும் கலந்துகொள்ளலாம். ஸுலுஸ், நஸ்கு, தஅலீக், தீவானி, கூஃபி என்று வகைவாரியாகப் பரிசுகள் உண்டு. 1986-இல் நடந்த முதல் போட்டி ஹாமித் அல்ஆமிதியின் பெயரில் நடத்தப்பட்டது.